இரண்டே இடம், அதிலும் ஒன்று கைமாறியது

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்தது. முழங்கால் தேறி மறுபடி சைக்கிள் ஏறிவிட்டாய் என்று படித்தபோது மனசுக்கு நிம்மதியாக இருந்தது. கடைசிப் பக்கத்தில் கேட்டிருந்தாயே, "பாரிஸில் தங்கம் வாங்கிய கிறிஸ்டன் ஃபாக்னர் முதலில் சாலைப் பந்தய அணியிலேயே இல்லையாமே, அமெரிக்காக்காரன் ஆள் எடுக்கிற லட்சணம் இதுதானா?" என்று. அவர்களை அவ்வளவு சுலபமாகத் திட்ட முடியாது. கணக்கே அப்படி.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் சைக்கிள் சாலைப் பந்தயத்துக்கு ஆண்களில் 90 பேர், பெண்களில் 90 பேர், அவ்வளவுதான். நாடுகளின் தரவரிசைப்படி முதல் ஐந்து நாடுகளுக்கு ஆளுக்கு 4 இடம், அடுத்த ஐந்துக்கு 3, பதினொன்றிலிருந்து இருபது வரை 2, அதற்குக் கீழே ஒன்று. அமெரிக்க ஆண்களுக்கு மூன்று இடம் கிடைத்தது: மத்தேயோ ஜோர்கென்சன், பிராண்டன் மெக்நல்ட்டி, மேக்னஸ் ஷெஃபீல்ட். பெண்களுக்கு இரண்டே இரண்டு. டைம் ட்ரயலுக்கென்று (ஒவ்வொருவராகத் தனியே கிளம்பி நேரத்துக்கு எதிராக ஓட்டும் பந்தயம்) தனியாக ஒரு கும்பலைக் கூட்டிப்போகவும் முடியாது. அதை ஓட்டுகிறவர்களும் பொதுவாக இந்த எண்ணிக்கைக்குள்தான் அடங்க வேண்டும். கடிகாரத்தோடு தனியாகப் போராடத் தெரிந்தவரும், கூட்டத்துக்குள் முண்டியடித்து நாலு மணி நேரம் தாக்குப்பிடிப்பவரும் வேறு வேறு ரகம். இடம் இரண்டுதான் என்றால் எந்த ரகத்தை எடுப்பாய்?

அவர்கள் கடிகாரத்தை நம்பினார்கள். குளோயி டைகர்ட் 2023 உலக டைம் ட்ரயல் சாம்பியன், அதனால் நேரடியாக உள்ளே வந்தார். இன்னொரு இடம் 2024 மே மாதம் மேற்கு வர்ஜீனியாவின் சார்லஸ்டனில் நடந்த தேசிய டைம் ட்ரயலில் முதலாவது வருபவருக்கு. வந்தவர் டெய்லர் நிப், அடிப்படையில் டிரையத்லான் (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த போட்டி) வீராங்கனை. அதே ஊரில், அதே வாரத்தில் தேசிய சாலைப் பந்தயத்தை ஜெயித்த ஃபாக்னருக்கு ஒலிம்பிக் சாலைப் பந்தயத்தில் இடமில்லை! டிராக்கில், அதாவது வட்ட ஓடுதளத்தில், நாலு பேர் சேர்ந்து ஓட்டும் டீம் பர்சூட் அணியில் மட்டும் அவர் பெயர் இருந்தது.

கேட்க அபத்தமாகத் தெரியும். ஆனால் கடிகாரம் சொன்னதை எதிர்த்து யாரும் வழக்காட முடியாது. தேர்வுக் குழு உட்கார்ந்து தன் விருப்பப்படி எடுத்தால் மத்தியஸ்தம் வரைக்கும் போகும். 2016இல் ரியோ ஒலிம்பிக்குக்கு டைம் ட்ரயல் வீராங்கனை கிறிஸ்டின் ஆம்ஸ்ட்ராங்கை எடுத்தபோது அதுதான் நடந்தது. அவர் போய், 43ஆவது பிறந்தநாளுக்கு முந்தின நாள், மூன்றாவது தங்கத்தோடு வந்தார் என்பது வேறு கதை.

நிப் டைம் ட்ரயலை வைத்துக்கொண்டு, ஜூலையில் சாலைப் பந்தய இடத்தை மட்டும் விட்டுக்கொடுத்தார். தேதியைப் பார்த்தால் காரணம் புரியும்: சாலைப் பந்தயம் ஆகஸ்ட் 4, டிரையத்லான் கலப்பு ரிலே ஆகஸ்ட் 5. முந்தின நாள் 158 கிலோமீட்டர் மிதித்த காலை வைத்துக்கொண்டு மறுநாள் ரிலே ஓட முடியுமா? ரிலேயில் அமெரிக்காவுக்கு வெள்ளி கிடைத்தது, ஆக அவர் கணக்கும் தப்பவில்லை. ஃபாக்னர் ஏற்கெனவே டிராக் கணக்கில் பாரிஸுக்குப் போகிறவர். காலி இடத்தில் அவரைப் போட்டார்கள்.

டைம் ட்ரயலை நீ பார்த்திருக்க மாட்டாய். ஜூலை 27, 32.4 கிலோமீட்டர், நல்ல மழை. ஆஸ்திரேலியாவின் கிரேஸ் பிரவுன் தங்கம். டைகர்ட் ஒரு திருப்பத்தில் விழுந்து எழுந்தும் வெண்கலம் வாங்கினார். வெள்ளிக்கு ஒரு நொடிகூட வித்தியாசமில்லை. நிப் பலமுறை சறுக்கி 19ஆவதாக வந்தார். சைக்கிள் மாற்றிக் கொடுக்க ஓடிவந்த மெக்கானிக்கே வழுக்கி விழுந்தார் என்றால் தரை எப்படி இருந்திருக்கும் பார். டைம் ட்ரயல் சைக்கிளில் முழங்கைகள் நடுவிலுள்ள நீட்டுக்கம்பியில் படுத்திருக்கும், பிரேக் வெளிக் கைப்பிடியில் இருக்கும். ஆபத்து தெரிந்து கை அங்கே போய்ச் சேர்வதற்குள் பல மீட்டர் ஓடிவிடும். உடல் எடை முன்னால் சாய்ந்திருப்பதால் முன் டயர் நழுவினால் மீட்க வழியில்லை. ஈரத்தில் வெள்ளைக் கோடும் சாக்கடை மூடியும் எண்ணெய் தடவிய மாதிரி. டயர் காற்றைக் கொஞ்சம் இறக்கி, திருப்பத்துக்கு முன்பே, சைக்கிள் நேராக நிற்கும்போதே பிரேக் பிடித்து முடித்து, வளையும்போது மிதிக்காமல் விட வேண்டும். ஒவ்வொரு திருப்பத்திலும் இரண்டு நொடி போகும்தான். விழுந்தால் அதைவிட அதிகம் போகும்.

இனி சாலைப் பந்தயம். ஒலிம்பிக்கில் காதில் ரேடியோ கிடையாது. வழக்கமான அணி காரிலிருந்து "முன்னால் இத்தனை நொடி, இப்போது இழு" என்று சொல்லிக்கொண்டே வரும். இங்கே மோட்டார் சைக்கிளில் காட்டும் பலகையும் சொந்த மூளையும்தான். நாலு பேர் கொண்டவர்களே பந்தயத்தைக் கட்டுக்குள் வைக்கத் திணறுவார்கள். இரண்டு பேர் அணியோ அதற்கு முயற்சிகூடச் செய்யத் தேவையில்லை. துரத்துகிற பாரம் நெதர்லாந்து மாதிரிப் பெரிய அணிகளின் தலையில். குறைந்த இடம் ஒரு வகையில் ஃபாக்னருக்கு வசதியாகவே போனது என்பது என் கட்சி.

டைகர்ட் நடுவழியில் விழுந்ததில் கூட்டம் உடைந்தது. கடைசியில் மோன்மார்த்ர் குன்று ஏறி இறங்கும் சுற்று: ஒரு கிலோமீட்டர் ஏற்றம், சராசரி 6.5 சதவீதம், கல் பாவிய தெரு. முன்னால் நெதர்லாந்தின் மரியான் வோஸும் ஹங்கேரியின் பிளாங்கா வஷ்ஷும் போக, பெல்ஜியத்தின் லோட்டே கோபெக்கியோடு ஃபாக்னர் துரத்தினார். ஏறக்குறைய மூன்றரை கிலோமீட்டர் இருக்கும்போது பிடித்தார்கள். பிடித்தால் எல்லோரும் ஒரு மூச்சு விடுவார்கள் இல்லையா, அந்த மூச்சில்தான் ஃபாக்னர் விடாமல் மிதித்துத் தாண்டிப் போனார்.

அதுதான் சரி, ஏனென்றால் ஸ்பிரிண்ட் (கோட்டுக்கு முன் கடைசிப் பாய்ச்சல்) வரை காத்திருந்தால் வோஸுக்கும் கோபெக்கிக்கும் முன்னால் அவருக்கு வாய்ப்பில்லை. மற்ற மூவரில் யார் இழுத்தாலும் பின்னால் இருப்பவர் காற்றுத் தடை குறைந்து இளைப்பாறி, கடைசியில் முந்திவிடுவார். அதனால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். 45 கிலோமீட்டர் வேகத்தில் அந்தத் தூரம் நாலரை நிமிடம். அதற்குள் 58 நொடி இடைவெளி விழுந்தது. வேகத்தைப் பத்து சதவீதம் கூட்ட மூன்றில் ஒரு பங்கு அதிக சக்தி வேண்டும், அதைத் தனியாகக் காற்றில் நாலு நிமிடம் கொடுக்க வேண்டும். 4 கிலோமீட்டர் டீம் பர்சூட்டுக்குப் பழகிய காலுக்கு அது பழக்கமான நேரம்தானே! மூன்று நாள் கழித்து அதிலும் தங்கம்: 4 நிமிடம் 4.306 நொடி, நியூசிலாந்தை வென்று. டைகர்ட்டும் அந்த அணியில் இருந்தார்.

அமெரிக்காவுக்குச் சாலைப் பந்தயத்தில் அதற்கு முன் தங்கம் 1984 லாஸ் ஏஞ்சலஸில். கானி கார்ப்பென்டர் முடிவுக் கோட்டில் சைக்கிளை முன்னால் தள்ளி ரெபெக்கா ட்விக்கை மயிரிழையில் முந்தினார். ஆண்களில் அலெக்ஸி கிரெவால். நாற்பது வருட இடைவெளி.

28 மி.மீ. டயருக்கு எவ்வளவு காற்று என்று கேட்டிருந்தாய். உன் எழுபது கிலோவுக்கு முன்னால் 65, பின்னால் 70 பிஎஸ்ஐ. மழையில் இரண்டிலும் ஐந்து குறை. டியூப் போட்ட டயர் என்றால் அதற்கும் கீழே இறக்காதே. பள்ளத்தில் ரிம் கடித்து, பாம்பு கொத்தின மாதிரி இரட்டை ஓட்டை விழும்.

அடுத்த கடிதத்தில் உன் செயின் தேய்மானம் எவ்வளவு என்று அளந்து எழுது.

உன்,
மணி