மேற்கு அறை

மன்னார்குடி,
ஆடி 6

அன்புள்ள முத்து,

உன் கடிதம் போன வெள்ளிக்கிழமை கைக்கு வந்தது. தங்கச்சிக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விட்டுவிடு. ஒரு மாதத்துக்கு அவளை அடுப்படிப் பக்கம் போக விடாதே. நாங்கள் அயர்லாந்தில் மகள் இருக்கும் லிமெரிக்கிலிருந்து திரும்பி மூன்று வாரம் ஆகிறது. மகளும் பேத்தியும் சுகம். இங்கே வீடு வெறிச்சோடிக் கிடக்கிறது. பேத்தி பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரத்துக்கு இவள் இன்னும் வாசலைப் பார்க்கிறாள்.

வீட்டையும் மூன்று ஏக்கரையும் பையன் பேருக்கு எழுதிவிடலாமா என்று கடைசியில் இரண்டே வரியில் கேட்டிருந்தாய். "நம் பிள்ளைதானே, நிபந்தனை எதற்கு?" என்று நீயே பதிலும் சொல்லியிருந்தாய். எழுது, முத்து. ஆனால் வெறுமனே எழுதாதே. முப்பத்து நாலு வருஷம் பத்திரம் எழுதியவன் என்பதால் மட்டும் இதைச் சொல்லவில்லை. அயர்லாந்தில் ஒரு வீட்டுக்குள் நின்றபோது உன் நினைவுதான் வந்தது. அதைச் சொல்கிறேன்.

மகள் வீட்டுக்குப் பக்கத்தில், கிளேர் மாவட்டத்தில், பன்ராட்டி என்று ஓர் இடம். பழைய காலத்துக் கூரை வீடுகளை ஒரு கிராமமாகவே அமைத்து வைத்திருக்கிறார்கள். சுண்ணாம்பு அடித்த தடித்த சுவர், மேலே வைக்கோல் கூரை. நடுவில் பெரிய அடுக்களை. அதன் ஒரு பக்கச் சுவரில் அடுப்பு. சதுப்பு நிலத்தில் வெட்டிக் காயவைத்த கரிமண் கட்டிகள் அதில் புகைந்துகொண்டிருந்தன. வறட்டியும் ஈரமண்ணும் சேர்ந்து எரிகிற மாதிரி ஒரு வாசனை. அந்த அடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சிறிய அறை. கட்டில், பெட்டி, சுவரில் சாமி படம், ஒரே ஒரு சன்னல். நான் சுவரில் கை வைத்துப் பார்த்தேன். வெளியே மழையும் குளிர்காற்றுமாக இருந்தது. சுவர் வெதுவெதுவென்று இருந்தது.

கிளேர் குடியானவர்கள் அதை மேற்கு அறை என்பார்கள். மகனுக்குக் கல்யாணமாகி நிலம் அவன் கைக்குப் போகும் நாளில், கிழவனும் கிழவியும் அடுக்களையை மருமகளிடம் விட்டுவிட்டு அந்த அறைக்குக் குடிபோவார்கள். வீட்டில் நல்ல சாமான், முன்னோர் படம், ஜபமாலை எல்லாம் அங்கேதான் இருக்கும். மேற்கு என்பது அவர்களுக்கு இறந்தவர்களின் திசை, மோகினி போன்ற கண்ணுக்குத் தெரியாத கூட்டத்தின் திசை. வீட்டை மேற்குப் பக்கம் நீட்டிக் கட்டினால் ஆகாது என்று நம்பினார்கள். முதுமையை வீட்டின் கடைசியில் வைத்தார்கள், ஆனால் அடுப்பின் சூட்டிலேயே வைத்தார்கள். இன்னும் வடக்கே, மேயோ, டோனகல் பக்கத்தில், அடுக்களைக்குள்ளேயே அடுப்பை ஒட்டிச் சுவரில் ஒரு மாடம் மாதிரி இடம் விட்டுப் பெரியவர்களுக்குக் கட்டில் போட்டார்கள்.

1930களில் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்திலிருந்து கான்ராட் ஆரென்ஸ்பெர்க், சோலன் கிம்பால் என்று இரண்டு ஆய்வாளர்கள் வந்து கிளேர் கிராமங்களில் தங்கி இந்த வாழ்க்கையைப் பதிவு செய்தார்கள். அவர்கள் கண்டதில் ஒன்று எனக்குச் சிரிப்பையும் வருத்தத்தையும் சேர்த்தே தந்தது. அப்பன் நிலத்தை எழுதிக்கொடுக்கும் வரையில், நாற்பத்தைந்து வயது ஆனவனும் ஊரில் "பையன்"தான். சந்தையில் மாடு விற்றால் காசு அப்பன் கைக்குப் போகும். 1840களின் பெரும் பஞ்சத்துக்குப் பிறகு நிலத்தைப் பங்கு போடுவது ஏறக்குறைய நின்றுபோய், ஒரே பிள்ளைக்கு முழுசாகக் கொடுப்பது வழக்கமாகிவிட்டது. மற்றவர்களுக்கு அமெரிக்கா. 1903-இல் வந்த நிலச் சட்டம் ஜமீன்தார்களை விலை கொடுத்து வெளியேற்றி, குத்தகைக்காரர்கள் பலரைச் சொந்தக்காரர் ஆக்கியது. அப்புறம் எழுதிக்கொடுப்பதற்குக் கனம் கூடிவிட்டது.

இங்கேதான், முத்து, நம் தொழில் வருகிறது. கல்யாணம் பேசும்போதே பத்திரமும் பேசுவார்கள். பெண் வீட்டார் வந்து நிலத்தை வரப்பு வரப்பாக நடந்து பார்ப்பார்கள். பிறகு இரு தரப்பும் வக்கீலிடம் போவார்கள். அவர்கள் எழுதிக்கொண்ட பத்திரத்துக்குப் பேச்சுவழக்கில் பெயரே "எழுத்துகள்". அதில் மகனுக்கு நிலம், வீடு என்று எழுதிவிட்டு, கிழவன் கிழவிக்கு என்னென்ன என்று தனித்தனியாக எழுதுவார்கள். மேற்கு அறை. அடுப்பருகே உட்கார இடம். உருளைக்கிழங்கு. எரிக்கக் கரிமண். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வண்டியில் இடம். அப்புறம் "ஒரு பசுவின் புல்".

அந்தக் கடைசி ஷரத்தை நான் எத்தனை தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்திருப்பேன்! மகனுடைய நிலத்தில் கிழவிக்கென்று ஒரு பசு மேயலாம் என்று அர்த்தம். பசு அவளுடையது, ஆகவே பாலும் வெண்ணெயும் அவளுடையது. ஒரு டம்ளர் பாலுக்கு மருமகள் முகத்தைப் பார்த்து நிற்க வேண்டாம். பேரப்பிள்ளைக்கு அவளே ஊற்றிக் கொடுக்கலாம். இதைப் படித்துவிட்டு, இவ்வளவு சின்ன விஷயத்தையா பத்திரத்தில் எழுதுவார்கள், பாசமில்லாத ஜனங்கள் போலிருக்கிறதே என்று என் மாப்பிள்ளை சொன்னார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கேட்டு வாங்கினால் கூசுகிற பொருள் எதுவோ, அதைத்தான் அவர்கள் எழுதி வைத்தார்கள்.

இது அயர்லாந்துக்கு மட்டும் உரிய வழக்கமும் இல்லை. இங்கிலாந்தில் பெட்போர்டுஷயரில் கிரான்ஃபீல்டு என்ற கிராமத்தில் 1294-இல் எழுதிய ஓர் ஒப்பந்தம் கிடைத்திருக்கிறது. எலையாஸ் என்பவர் மகன் ஜானுக்கு நிலத்தை விடுகிறார். அப்பாவும் அம்மாவும் மகனோடு அதே வீட்டில் இருப்பார்கள், சாப்பாடு மகன் பொறுப்பு. அடுத்த வரியைக் கேள். சண்டை வந்து சேர்ந்து இருக்க முடியாமல் போனால், மகன் அவர்களுக்கோ அவர்களில் பின்னால் உயிரோடு இருப்பவருக்கோ தோட்டத்தோடு கூடிய ஒரு வீடு கொடுக்க வேண்டும். ஆண்டுதோறும், குவார்ட்டர் என்ற அவர்களுடைய தானிய அளவில், கோதுமை 3, பார்லி ஒன்றரை, அவரையும் பட்டாணியும் ஒன்றரை, ஓட்ஸ் 1 அளந்து போட வேண்டும். நல்லபடியாக இருக்கும்போதே, சண்டை வந்தால் என்ன என்று அப்பனும் மகனும் எதிரெதிரே உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். எழுநூறு வருஷத்துக்கு முன்னால்!

அயர்லாந்தில் எல்லாருக்கும் இந்த அறை கிடைத்தது என்று நினைத்துவிடாதே. எழுதிக்கொடுக்க நிலம் இருந்தவனுக்குத்தான் மேற்கு அறை. கூலிக்கு வேலை செய்து கை ஓய்ந்தவர்கள் பலர் 1838 சட்டப்படி கட்டிய ஏழை விடுதிகளில் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே புருஷனும் பெண்டாட்டியும் தனித்தனிக் கூடத்தில் படுக்க வேண்டும். அந்தப் பயத்தைக் கொஞ்சமாவது குறைத்தது பென்ஷன்தான். 1908-இல் சட்டம் வந்து, 1909 ஜனவரி 1 முதல் எழுபது வயதான ஏழைகளுக்கு வாரம் 5 ஷில்லிங் வரை கொடுத்தார்கள். வயதுக்குத்தான் சான்று இல்லை. அந்த நாட்டில் எல்லாருடைய பிறப்பையும் பதியத் தொடங்கியதே 1864-இல். அதனால் 1839 ஜனவரி 6 இரவு அடித்த பெரும் புயல் நினைவிருக்கிறதா என்று கேட்டார்கள். நம் ஊர்க் கிழவிகள் தாது வருஷப் பஞ்சத்தை வைத்து வயது சொன்ன மாதிரியே! வெள்ளிக்கிழமைதோறும் தபால் ஆபீஸிலிருந்து கையில் காசோடு திரும்புகிற கிழவிக்கு வீட்டில் என்ன மரியாதை கிடைத்திருக்கும் என்று நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1924-இல் நிதியமைச்சர் எர்னஸ்ட் பிளைத் அதில் ஒரு ஷில்லிங்கைக் குறைத்தார். அந்த ஒரு ஷில்லிங்கை அந்த நாடு இன்னும் அவர் பெயரோடு சேர்த்துத்தான் சொல்கிறது.

இப்போது உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். நான் தொழிலை விடுவதற்கு இரண்டு வருஷம் முன்பு ஒரு அம்மாள் வந்தார். மஞ்சள் பையிலிருந்து ஒரு செட்டில்மெண்ட் பத்திரத்தை எடுத்து நீட்டினார். பார்த்தால் என் கையெழுத்து. "இன்று முதல் சர்வ சுதந்திர பாத்தியங்களுடன் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது, இனி இச்சொத்தில் எனக்கு யாதொரு பாத்தியமும் இல்லை" என்று வழக்கம்போல் எழுதியிருந்தேன். நிலத்தைத் திரும்பக் கேட்க அவர் வரவில்லை. "ஐயா, நான் படுத்துக்கொள்கிற இடம் இதில் எங்கேயாவது எழுதியிருக்கிறதா?" என்று மட்டும் கேட்டார். இரண்டு முறை முழுக்கப் படித்தேன், இல்லை என்று தெரிந்தும். நான்கெல்லையும் அளவும் பிசகாமல் எழுதின எனக்கு, ஒரு பாய் விரிக்கிற இடத்தை எழுதத் தோன்றவில்லையே என்று அன்றைக்குப் பட்டது. இன்றைக்கும் ஆறவில்லை.

ஆகவே உன் பத்திரத்தை நான்தான் எழுதுவேன். 2007-ஆம் வருஷத்துப் பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தில் 23-ஆவது பிரிவு இருக்கிறது. பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தை எழுதிக்கொடுத்து, வாங்கினவர் தவறினால், தீர்ப்பாயத்தில் மனுக்கொடுத்து அதைச் செல்லாது என்று அறிவிக்கச் செய்யலாம். அந்த நிபந்தனை பத்திரத்திலேயே எழுத்தில் இருக்கட்டும். உன் பையன் தங்கமானவன், எனக்குத் தெரியும். அவனையும் பக்கத்தில் உட்காரவைத்து வாசித்துக் காட்டியே எழுதுவோம்.

அதற்கு முன்னால் நீ ஒரு வேலை செய். தங்கச்சியைத் தனியாக உட்காரவைத்து, அவளுக்கு என்ன வேண்டும் என்று கேள். உனக்கு வேண்டியதைப் பிறகு யோசிக்கலாம். வடக்கு அறையா, கிணற்றடித் தென்னை இரண்டின் காய்ப்பா, கறவை மாடு ஒன்றா, குலதெய்வத்துக்கு வருஷம் ஒரு தடவை போய்வரச் செலவா, எதுவானாலும் அவள் சொல்கிறபடியே ஒரு தாளில் குறித்துக்கொள். "ஒன்றும் வேண்டாம்" என்றுதான் முதலில் சொல்வாள். இரண்டு நாள் விட்டு மறுபடியும் கேள்.

ஆவணி பிறந்ததும் மூலப் பத்திரம், பட்டா நகல், வில்லங்கச் சான்று மூன்றையும் எடுத்துக்கொண்டு இருவரும் இங்கே வந்துவிடுங்கள். இரண்டு நாளாவது தங்க வேண்டும். அந்தத் தாளை மறந்துவிடாதே.

உன்,
கோபாலன்