செயலாளரின் ஆண்டறிக்கை: பச்சைப் புள்ளி சொல்வது என்ன?

நம் புகைப்படக் கழகத்தின் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். மழை பிடித்துக்கொண்ட மாதங்கள் தவிர மாதக் கூட்டங்கள் ஒழுங்காக நடந்தன. நான் விரிவாகச் சொல்ல நினைப்பது கோத்தகிரி லாங்வுட் சோலை நடையில் ஆரம்பித்த விஷயத்தை.

அன்று காலை பாசி படர்ந்த கிளையில் ஒரு நீலகிரி ஈப்பிடிப்பான் வந்து உட்கார்ந்தது. ஐந்தாறு பேர் ஒரே நேரத்தில் படம் எடுத்தோம். எல்லோருக்கும் வியூஃபைண்டரில், அதாவது கண் வைத்துப் பார்க்கும் துளையில், பச்சைப் புள்ளி அசையாமல் எரிந்தது. மாலையில் திரையில் போட்டுப் பார்த்தால், என் படத்தில் கிளைப் பாசி இழை இழையாகத் தெரிகிறது, குருவியின் கண் கலங்கிக் கிடக்கிறது. வேறு சிலருக்கும் இதே கதை. மனசு மிகவும் வாடிப்போனது.

அப்புறம் உட்கார்ந்து படித்தோம். வியூஃபைண்டரில் ஃபோகஸுக்காகத் தேர்ந்த சின்னக் கட்டத்துக்குள் ஏதோ ஒன்றில் ஃபோகஸ் கிடைத்துவிட்டது என்பதுதான் அந்தப் புள்ளிக்குப் பொருள். அது குருவியா கிளையா என்று அதற்குத் தெரியாது. டிஎஸ்எல்ஆரில், அதாவது உள்ளே மிரர் வைத்த கேமராவில், ஃபோகஸை அளக்கும் சென்சார் அந்த மிரருக்குக் கீழே தனியாக இருக்கிறது. பல மாடல்களில் அது பார்க்கும் பரப்பு, நம் கண்ணுக்குத் தெரியும் கட்டத்தைவிடப் பெரியது. அதனால் கட்டம் குருவி மேலே இருந்தும், பக்கத்துக் கிளையின் அழுத்தமான விளிம்பை அது பிடித்துக்கொள்ளும். கட்டத்தைத் தேர்வதைக் கேமராவிடமே விட்டால் பெரும்பாலும் முன்னால் நிற்பதில் போய் விழும். ஒற்றைக் கட்டத்துக்கு மாறி, அதைக் கண்மேல் வைக்கப் பழகிய பிறகு நம் படங்கள் தெளிந்தன.

தொட்டபெட்டாவில் மேகம் இறங்கிய நாளில் புள்ளி சிமிட்ட ஆரம்பித்தது. புதிதாகச் சேர்ந்த தம்பி கேமரா கெட்டுவிட்டது என்று பயந்துபோனார். சிமிட்டினால் ஃபோகஸ் கிடைக்கவில்லை என்று பொருள், அவ்வளவுதான். வெறும் வெண்மையில் சென்சார் பற்றிக்கொள்ள விளிம்பு ஏது? அதே தூரத்தில் நின்ற மரத்தண்டில் ஃபோகஸ் பிடித்து, ஷட்டரை அரை அழுத்தத்திலேயே வைத்துக்கொண்டு கேமராவைத் திருப்பி எடுத்தார். சரியாக வந்தது.

கேனான் டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நகரும் பொருளைத் தொடர்ந்து ஃபோகஸ் செய்யும் ஏஐ சர்வோ முறையில் ஃபோகஸ் கிடைத்தாலும் பச்சை விளக்கு எரியாது, பீப்பும் வராது. பழுது என்று நினைத்துக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம்.

1985இல் வந்த மினோல்டா 7000 ஆட்டோஃபோகஸ் கேமரா காலத்திலிருந்தே படம் எடுத்துவரும் நம் பெரியவர், கண் ஆபரேஷனுக்குப் பிறகு கட்டங்களே மங்கலாகத் தெரிகின்றன என்று இரண்டு கூட்டங்களுக்கு வராமல் இருந்தார். வீட்டுக்குப் போய்ப் பார்த்தோம். வியூஃபைண்டர் ஓரத்தில், அவரவர் பார்வைக்கு ஏற்பத் தெளிவைச் சரிசெய்ய இருக்கும் சின்ன டயாப்டர் சக்கரத்தை, காட்சியைப் பார்க்காமல் உள்ளே தெரியும் கட்டங்களையும் எண்களையும் பார்த்தபடி மெதுவாகத் திருப்பச் சொன்னேன். நாலைந்து கிளிக்குக்குப் பின், "அட, கோடு கோடாத் தெரியுதே!" என்றார். மறுவாரமே நடைக்கு வந்துவிட்டார். இந்த ஆண்டில் எனக்கு அதைவிட நிறைவு தந்தது வேறில்லை.

வரும் ஆண்டில் ஒவ்வொரு நடைக்கும் முன்னால் பத்து நிமிடம், எல்லோரும் டயாப்டரையும் ஃபோகஸ் கட்டத்தையும் சரிபார்க்க ஒதுக்கலாம் என்று முன்மொழிகிறேன். மிரர் இல்லாத மிரர்லெஸ் கேமராவுக்கு மாறியவர்களுக்குக் கட்டத்தின் நிறங்கள் கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடுவதால் தனியாக ஒரு கூட்டம் தேவை.

அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்