டி.என்.ஏயை இரட்டிப்பது ஒற்றை நொதியமன்று

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் கல்விப் பக்கத்தில் வரும் உயர்தர உயிரியல் வினாவிடைகளை என் மாணவர்கள் கத்தரித்து வைத்துப் படிக்கிறார்கள் என்பதாலேயே இதனை எழுதுகிறேன். டி.என்.ஏ இரட்டிப்புப் பற்றிய வினாக்களுக்கு புதிய டி.என்.ஏ இழையைக் கட்டும் நொதியத்தின் பெயரான ‘டி.என்.ஏ பொலிமரேஸ்’ என்ற ஒற்றைப் பெயரோடு விடை முடிந்துவிடுகிறது. ஆர்தர் கோன்பேர்க் 1956இல் ஈ.கோலை பற்றீரியாவில் முதன்முதலாகக் கண்டறிந்த நொதியத்துக்கு இடப்பட்ட அப்பெயர், மனிதக் கலத்தில் நடப்பதைச் சொல்லப் போதாது.

கருவுள்ள கலங்களில் இவ்வேலை அல்பா, டெல்டா, எப்சைலன் என்ற மூன்று பொலிமரேஸ்களிடையே பங்கிடப்பட்டுள்ளது. அல்பா பொலிமரேஸ், தன்னோடிணைந்த பிரைமேஸ் என்ற நொதியம் தொடக்கமாக இட்ட சிறு ஆர்.என்.ஏ துண்டைச் சற்றே நீட்டிவிட்டு விலக, தொடர்ச்சியாக வளரும் இழையை எப்சைலனும் துண்டு துண்டாக வளரும் இழையை டெல்டாவும் பெரும்பாலும் பொறுப்பேற்கின்றன. பின்னைய இரண்டும் தாம் பிழையாகச் சேர்த்ததைத் தாமே வெட்டியகற்ற வல்லவை. இத்திருத்தும் ஆற்றலைக் குலைக்கும் விகாரங்கள் (மரபணு மாற்றங்கள்) பரம்பரையாக வரும் குடும்பங்களில் பெருங்குடல் புற்றுநோய் ஏற்படும் அபாயம் மிகுதி. ஆகவே இது பரீட்சைக்கு மட்டும் உரிய செய்தியன்று.

இவற்றின் கூர்ப்பு (பரிணாமம்) இன்னும் வியப்பானது. பற்றீரியாவின் பிரதான இரட்டிப்பு நொதியம் முற்றிலும் வேறு குடும்பத்தைச் சேர்ந்தது. நம் கலங்களிலுள்ள அல்பா, டெல்டா, எப்சைலன் மூன்றுக்கும் நெருங்கிய உறவுகள், பற்றீரியாவிலிருந்து வேறான கருவற்ற நுண்ணுயிர்களாகிய ஆர்க்கியாக்களிடமே உள்ளன. எப்சைலனின் பெரிய புரதத்தில் இரண்டு பொலிமரேஸ்கள் ஒட்டியிருக்கின்றன: முதற்பாதி தொழிற்படுகிறது, இரண்டாம் பாதியோ வினையாற்றும் திறனை எப்போதோ இழந்துவிட்டது. அப்படியிருந்தும், மதுவக் (ஈஸ்ட்) கலத்தில் தொழிற்படும் பாதியை நீக்கினால் கலம் தள்ளாடியேனும் வாழ்கிறது, ஏனெனில் டெல்டா அவ்வேலையை ஏற்கிறது. திறனிழந்த பாதியை நீக்கினாலோ கலம் இறக்கிறது. டி.என்.ஏயின் ஈரிழைகளைப் பிரிக்கும் ஹெலிகேஸ் தொகுதியை ஒன்றுசேர்க்க அப்பாதி இன்றியமையாதது. பழைய உறுப்பொன்று தன் தொழிலை இழந்தபின் வேறொரு பணியில் நிலைபெறுவதற்கு இதைவிடத் தெளிவான உதாரணத்தை நான் வகுப்பில் காட்டியதில்லை; கூர்ப்புப் பாட அலகில் வழமையாக உதாரணம் காட்டும் எலும்புகளுக்கு அருகே இதற்கும் இடமிருக்க வேண்டும்.

எனவே, அடுத்த வினாவிடைத் தொகுதியில் இம்மூன்று நொதியங்களையும் பெயர் சுட்டிப் பிரித்து விளக்குமாறும், அவற்றின் கூர்ப்பைத் தமிழில் தனிக்கட்டுரையாக வெளியிடுமாறும் பணிவுடன் வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
உயிரியல் ஆசிரியை ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.