வீடியோவுக்குப் பணம் கேட்ட மகளுக்கு

அன்பு மகளே,

உன் பாட்டு, இசைக் கம்பெனி அனுப்பிய ஒப்பந்தம், நீ போட்ட பட்ஜெட் மூன்றும் ஒன்றாக வந்து சேர்ந்தன. வாழ்நாளெல்லாம் கணக்குத் தணிக்கை செய்தவன் எதை முதலில் திறப்பான் என்று உனக்குத் தெரியும். பட்ஜெட்டில் பாதிக்கு மேல் வீடியோவுக்கும் போட்டோ எடுப்பதற்கும் ஒதுக்கியிருக்கிறாய். பதிவான குரலையும் வாத்தியங்களையும் அளவாகக் கலந்து மிக்சிங் செய்கிறவருக்கு மிச்சம் மீதி. அந்த நீண்ட வடிவம், கிளப்பில் பாட்டுப் போடும் டி.ஜே.க்களுக்குக் கொடுப்பதற்காகத் தனியாகச் செய்ய வேண்டியது, அது பட்டியலிலேயே இல்லை.

பாட்டு நன்றாக இருக்கிறது. இதை அப்பா என்ற முறையில் சொல்லவில்லை. அம்மா சமையலறையில் இரண்டாம் முறை கேட்டபோது கால் தானாகத் தாளம் போட்டது, அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். வரிகளில் பொருள் அதிகமில்லை. ஆட்டப் பாட்டில் அதை யாரும் தேடப்போவதும் இல்லை.

மடோனாவும் லேடி காகாவும் முதல் பாட்டிலேயே தங்கள் தோற்றத்தால்தான் ஜெயித்தார்கள், அதனால் வீடியோவில் கஞ்சத்தனம் கூடாது என்று எழுதியிருந்தாய். யாராவது உதாரணம் காட்டினால் சரிபார்க்காமல் விடுவதில்லை நான். பார்த்தேன். உன் உதாரணங்கள் இரண்டும் உனக்கு எதிராகவே சாட்சி சொல்கின்றன.

மடோனாவிலிருந்து தொடங்குகிறேன். மிச்சிகனில் நடனப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு 1978-இல் நியூயார்க்குக்கு வந்தவர். நவீன நடனம் கற்றார், ஒரு ராக் குழுவில் டிரம்ஸ் வாசித்தார், பிறகு பாட வந்தார். மிச்சிகன் நாள் நண்பர் ஸ்டீபன் ப்ரேயுடன் சேர்ந்து ஒரு டெமோ கேசட், அதாவது மாதிரிப் பதிவு, தயாரித்தார். மன்ஹாட்டனில் மேற்கு 21-ஆம் தெருவில் டான்ஸ்டீரியா என்ற பல மாடி கிளப். அங்கே டி.ஜே.யாக இருந்தவர் மார்க் காமின்ஸ். கேசட்டை அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார் மடோனா. காமின்ஸ் அதை ஆடுகளத்திலேயே போட்டுப் பார்த்தார். கூட்டம் ஏற்றுக்கொண்டது.

கவனித்தாயா? ஒப்பந்தம் வருவதற்கு முன்பே, பாடுகிறவர் யாரென்று தெரியாத ஜனங்கள் அந்தப் பாட்டுக்கு ஆடியாகிவிட்டது. கச்சேரியில் பிடிக்காவிட்டாலும் மரியாதைக்கு உட்கார்ந்திருப்பார்கள். ஆடுகளத்தில் அந்த மரியாதை கிடையாது. பிடிக்காத பாட்டு வந்தால் அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் தாகம் எடுத்துவிடும். உன் பாட்டை இதுவரை கேட்டவர்கள் யார்? நீ, உன் தோழிகள், கம்பெனி ஆட்கள், பெற்றவர்கள். இதில் ஒருவர் வாக்கும் செல்லாது.

காமின்ஸ் கேசட்டை முதலில் ஐலண்ட் ரெகார்ட்ஸ் என்ற இசைக் கம்பெனியில் காட்டினார். அங்கே வேண்டாம் என்றார்கள். அடுத்து, வார்னர் நிறுவனத்தோடு சேர்ந்த சைர் ரெகார்ட்ஸ். அதன் தலைவர் சீமோர் ஸ்டைன் அப்போது இதயக் கோளாறுக்காக மருத்துவமனையில் கிடந்தார். படுக்கையிலேயே கேசட்டைக் கேட்டுவிட்டு, அந்தப் பெண்ணை உடனே அழைத்து வாருங்கள் என்றார். நோயாளியைப் பார்க்க வந்தவர் போல மடோனா நடந்துகொள்ளவில்லை. தான் சவப்பெட்டிக்குள் படுத்திருந்தாலும் கையெழுத்துப் போடுகிற கை மட்டும் வெளியே நீண்டிருந்தால் அவருக்குப் போதும் என்ற பொருளில் ஸ்டைன் பின்னாளில் வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறார். எனக்கு இந்தப் பெண்ணைப் பிடித்துப்போனது இந்த இடத்தில்தான்.

ஒப்பந்தம் என்ன? இரண்டு சிங்கிள், அதாவது தனியாக வெளியிடும் பாட்டு, ஒவ்வொன்றுக்கும் 15,000 டாலர் முன்பணம், ஆல்பம் எடுப்பதா வேண்டாமா என்பது கம்பெனியின் விருப்பம். உன் ஒப்பந்தத்தின் எலும்புக்கூடும் இதுதான். 40 ஆண்டுகளில் இந்தத் தொழிலில் எவ்வளவோ மாறியிருக்கிறது என்கிறார்கள், இந்தப் பிரிவு மட்டும் மாறவில்லை. அதைப் பற்றிப் பிறகு.

பாட்டின் பெயர் 'எவ்ரிபடி'. 1982 அக்டோபர் 6-ஆம் தேதி வெளிவந்தது. காமின்ஸே தயாரித்தார். இன்னொரு பக்கத்துக்காகப் பதிவு செய்த வேறொரு பாட்டு சரியாக அமையவில்லை. கம்பெனி என்ன செய்தது தெரியுமா? இரண்டாவது பாட்டைத் தூக்கிவிட்டு, 12 அங்குல இசைத்தட்டின் இரண்டு பக்கத்திலும் 'எவ்ரிபடி'யையே போட்டது. ஒரு பக்கம் பாட்டு, மறுபக்கம் குரலைக் குறைத்துத் தாளத்தை முன்னால் கொண்டுவந்த வடிவம். சுமாரான சரக்கால் இடத்தை நிரப்பாமல், நல்லதையே இரண்டு விதமாகக் கொடுத்தார்கள். உன் பட்டியலில் 'போனஸ் பாட்டு' என்று ஒன்று இருக்கிறதே, அதைக் கேட்டேன். எடுத்துவிடு.

12 அங்குலம் எதற்கு என்று நீ கேட்கமாட்டாய், இருந்தாலும் எனக்குச் சொல்ல ஆசை. அமெரிக்காவில் சிங்கிள் என்றால் 7 அங்குலத் தட்டு. 1970-களின் நடுவில் டாம் மோல்டன் என்ற, பாட்டுகளை ஆட்டத்துக்கேற்ப மாற்றியமைக்கும் ரீமிக்ஸ் கலைஞருக்குச் சோதனைத் தட்டு வெட்டித் தரும்போது சின்னத் தட்டு தீர்ந்துபோக, பெரிய தட்டில் வெட்டினார்கள். தற்செயல்தான். ஆனால் இடம் அதிகமானதால் ஊசி ஓடும் வரிப்பள்ளங்களை அகலமாக வெட்ட முடிந்தது. அகலமான பள்ளத்தில் அடித்தாளமும் பேஸும் அதிக உரத்தோடு பதிந்தன. பெரிய ஒலிபெருக்கியில் போட்டபோது நெஞ்சில் இடித்தது. 1976-இல் சால்சோல் என்ற கம்பெனி முதன்முதலாக அப்படி ஒரு தட்டைக் கடைகளில் விற்பனைக்கு விட்டது. நீளமும் கிடைத்தது: தொடக்கத்தில் வெறும் தாளம் மட்டும் ஓடும், அதன் மேல்தான் டி.ஜே. முந்தைய பாட்டிலிருந்து இதற்கு வழுக்கிக்கொண்டு வருவார். முடிவிலும் அப்படியே. அந்த முன்வாசலும் பின்வாசலும் இல்லாத பாட்டை எந்த டி.ஜே.யும் உள்ளே விடமாட்டார்.

உன் பாட்டில் மூன்றாவது நொடியிலேயே நீ பாட ஆரம்பித்துவிடுகிறாய். அலைபேசியில் கேட்பவருக்கு அது சரி. கிளப்புக்கு? தட்டு போய்க் கோப்பு வந்துவிட்டதால் பள்ளத்தின் அகலம் பற்றிய கவலை இல்லை. வாசல் மட்டும் இன்றும் வேண்டும். மிக்சிங் செய்கிறவரிடம் நீண்ட வடிவம் ஒன்று, குரலில்லாத வடிவம் ஒன்று, இரண்டும் கேள். அதற்கான காசு என் பொறுப்பு.

இப்போது நீ சண்டைக்கு வரப்போகும் இடம். 'எவ்ரிபடி' தட்டின் உறையில் மடோனாவின் படம் இல்லை. நியூயார்க் தெருக் காட்சி ஒன்று, வெட்டி ஒட்டிய ஓவியமாக. பாட்டைக் கறுப்பின மக்கள் கேட்கும் வானொலி நிலையங்களுக்கும் கிளப்புகளுக்கும் கொண்டுபோனார்கள். குரலைக் கேட்டுப் பலர் இவர் ஒரு கறுப்பினப் பாடகி என்றே நினைத்தார்கள். கம்பெனியும் அதைத் திருத்த அவசரப்படவில்லை. அது நேர்மையா என்று கேட்டால், எனக்கு ஒப்புதல் இல்லை. அந்த மக்களுடைய இசையும் அவர்களுடைய ஆடுகளமும்தான் அவருக்கு முதல் படி அமைத்துக் கொடுத்தன. முகத்தை மறைத்த லாபம் யாருக்குப் போனது என்று அவர்கள் கேட்டால் பதில் சொல்வது கடினம். ஆனால் உன் வாதத்துக்கு மட்டும் வருகிறேன்: தோற்றத்தால் ஜெயித்தார் என்று நீ சொல்லும் பாடகியின் முதல் பாட்டை வாங்கியவர்களுக்கு அவர் எப்படி இருப்பார் என்றே தெரியாது.

வீடியோ? எடுத்தார்கள். எட் ஸ்டைன்பெர்க் என்பவர் பாரடைஸ் கராஜ் என்ற கிளப்பில் வைத்து, சுமார் 1,500 டாலரில் முடித்தார். மடோனா, கூட ஆடும் நண்பர்கள், விளக்கு, அவ்வளவுதான். அடுத்த ஆண்டு மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்' வீடியோவுக்கு லட்சக்கணக்கான டாலர் போனது, ஆனால் அவர் அப்போது உலகமே அறிந்த பாடகர், போட்டதை எடுக்க வழி இருந்தது. 'எவ்ரிபடி' வீடியோவின் நோக்கமே வேறு. மற்ற ஊர்களில் உள்ள கிளப்புகளுக்கு அனுப்பினார்கள். இந்தப் பாட்டுக்கு எப்படி ஆடுவது என்று அங்கிருப்பவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்பதற்காக.

விளைவைச் சொல்லிவிடுகிறேன், பெரிதாக எதிர்பார்க்காதே. பில்போர்டு என்ற அமெரிக்க இசைப் பத்திரிகையின் நடனப் பட்டியலில் 3-ஆம் இடம். எல்லாப் பாட்டுக்குமான 'ஹாட் 100' பட்டியலுக்குள் நுழையவே இல்லை. அதற்கு வெளியே காத்திருப்போர் வரிசையில் 107-ஆம் இடம் வரை வந்து நின்றது. இதைத் தோல்வி என்று எழுதுகிற கணக்கனும் இருப்பான். நான் அப்படி எழுதமாட்டேன். கம்பெனிக்குத் தேவைப்பட்ட பதில் கிடைத்துவிட்டது: ஆடுகிற கூட்டம் இவருக்கு இருக்கிறது. இரண்டாவது சிங்கிள் வந்தது, 1983 ஜூலையில் ஆல்பம் வந்தது, அதிலிருந்து வந்த 'ஹாலிடே' ஹாட் 100-இல் 16-ஆம் இடத்தைத் தொட்டது. நடனப் பட்டியலில் 2020-க்குள் அவர் 50 பாட்டுகளை முதலிடத்துக்குக் கொண்டுபோய்விட்டார். அந்த ஐம்பதில் 'எவ்ரிபடி' இல்லை.

லேடி காகா பற்றிச் சுருக்கமாக. முதலில் ஒப்பந்தம் போட்ட பெரிய கம்பெனி சில மாதங்களிலேயே அவரைக் கைவிட்டது. பிறகு இன்டர்ஸ்கோப்பில் சேர்ந்து, மொராக்கோவில் பிறந்த ரெட்ஒன் என்ற தயாரிப்பாளரோடும் பாடகர் ஏகானோடும் எழுதியதுதான் 'ஜஸ்ட் டான்ஸ்'. 2008 ஏப்ரலில் வெளியானது. ஹாட் 100-க்குள் நுழைந்ததே ஆகஸ்டில். அங்கிருந்து முதலிடத்துக்குப் போக 22 வாரம் ஆனது, 2009 ஜனவரி. பாட்டு வெளியானதிலிருந்து அவர் கிளப் கிளப்பாகப் பாடினார், வியட்நாமில் நடந்த மிஸ் யுனிவர்ஸ் மேடையில் பாடினார், இன்னொரு குழுவின் சுற்றுப்பயணத்தில் முன்னோட்டப் பாடகியாகப் போனார். தோற்றம் அவருக்கு உதவியது, மறுக்கவில்லை. ஆனாலும் உன் பட்ஜெட்டில் எல்லாச் செலவும் முதல் இரண்டு வாரத்துக்கே இருக்கிறது. ஐந்தாம் மாதம் ஒரு கிளப்பிலிருந்து அழைப்பு வந்தால் போக டிக்கெட்டுக்கு என்ன செய்வாய்?

இனி ஒப்பந்தம். முன்பணம் என்பது பரிசு அல்ல, உன் ராயல்டியிலிருந்து, அதாவது பாட்டின் வருமானத்தில் உனக்கு வரும் பங்கிலிருந்து, கழித்துக்கொள்ளும் தொகை. பதிவுச் செலவும் வீடியோச் செலவில் கம்பெனி போடும் பங்கும் அதே கணக்கில் உன் தலையில்தான் ஏறுகிறது. ஒன்பதாம் பிரிவைப் படி. முதல் பாட்டில் திரும்பாத தொகையை இரண்டாவது பாட்டின் வருமானத்தில் பிடித்துக்கொள்ளலாம் என்று இருக்கிறது. ஆக, ஆடம்பரமான வீடியோவை எடுத்துவிட்டு முதல் பாட்டு சுமாராகப் போனால், இரண்டாவது பாட்டு வெற்றி பெற்றாலும் உன் கைக்கு வருவது பூஜ்யம். இரண்டு பாட்டுக்கும் தனித்தனிக் கணக்கு வேண்டும் என்று கேள். மறுத்தால் வீடியோவுக்காவது ஓர் உச்சவரம்பு கேள். ஆல்பம் பற்றிய விருப்பம் அவர்களுக்கு மட்டும் இருக்கிறது, சரி, ஆனால் எத்தனை மாதத்துக்குள் சொல்ல வேண்டும் என்பது இல்லை. தேதி இல்லாத விருப்பம் உன்னைக் கட்டிப்போடும்.

இன்னொன்று. 'எவ்ரிபடி'யை எழுதியவர் என்று மடோனா ஒருவர் பெயர்தான் இருக்கிறது. பாடியதற்கான ராயல்டி வேறு, எழுதியதற்கான ராயல்டி வேறு. இரண்டாவது, அந்தப் பாட்டை யார் எங்கே பாடினாலும் வரும். உன் பாட்டின் பல்லவியை அந்தப் பையன் கிடாரில் போட்டுக் காட்டினான் என்று சொன்னாயே, அவன் பங்கு எவ்வளவு என்று எழுதிக் கையெழுத்து வாங்கினாயா? நட்பு இருக்கும்போதே எழுது. காமின்ஸை நினைத்துப்பார். கேசட்டை ஆடுகளத்தில் போட்டவர், கதவு கதவாகக் கொண்டுபோனவர், ஆல்பத்தையும் தானே தயாரிப்போம் என்று எதிர்பார்த்தவர். அந்த வேலை ரெஜி லூகாஸுக்குப் போயிற்று. தொழிலில் இது நடக்கும். உன்னால் யாருக்காவது இது நடக்கும் நாள் வந்தால், நேரில் போய்ச் சொல். மின்னஞ்சல் வேண்டாம்.

நீ கேட்ட தொகை முழுவதையும் தருகிறேன், ஆனால் தலைப்புகளை மாற்றியிருக்கிறேன். மிக்சிங், நீண்ட வடிவம், குரலில்லாத வடிவம் முதலில். பிறகு ஆறு மாதப் பயணச் செலவு. மீதியில் ஒரு நல்ல கேமராக்காரரை ஒரே ஒரு இரவு அழைத்து, உன் பாட்டுக்கு உண்மையாகவே ஜனங்கள் ஆடும் இடத்தில் படம் எடு. அனுமதி முன்கூட்டியே எழுத்தில் வாங்கிக்கொள். நடன அமைப்பாளர் வேண்டாம். சிறு வயதில் விருந்தாளிகள் எதிரில் ஆட யாரிடம் கற்றாய்?

திருத்திய பட்ஜெட்டை இத்துடன் இணைத்திருக்கிறேன். ஒன்பதாம் பிரிவுக்கு என் மாற்று வாசகமும் அதன் கீழே இருக்கிறது, உன் வக்கீலிடம் காட்டு. மிக்சிங் செய்கிறவரின் பில் வந்த அன்றே பணம் வரும். பில் உன் பெயரில் இருக்கட்டும், கம்பெனி பெயரில் வேண்டாம்.

அன்புடன்,
அப்பா