சுக்கான் பாறையை உடைக்க வேண்டாம், கண்ணு

மன்னவனூர்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. அம்மாவும் நானும் நலம். மூலனூர்ப் பக்கம் நீங்கள் வாங்கிய நிலத்தில் ஜேசிபி விட்டு, மண்ணுக்கடியில் சுண்ணாம்பு இறுகிக் கிடக்கிற சுக்கான் பாறையை உடைத்துத் தென்னை வைக்கலாம் என்று யாரோ யோசனை சொன்னதாகச் சொன்னாய். போனில் பேசினால் பாதியிலேயே வேறு பேச்சுக்குப் போய்விடுகிறோம், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: உடைக்க வேண்டாம். அது புல்லுக்கென்றே அமைந்த மண். ஏன் என்று கீழே விவரமாக எழுதியிருக்கிறேன். மாப்பிள்ளையையும் படிக்கச் சொல்.

நம்ம ஊர் மண் உனக்குத் தெரியும். கறுப்பாக, ஆழமாக, புளிப்பு ஏறிய மண். பூண்டோ உருளைக்கிழங்கோ போடுவதற்கு முன்னால் டோலமைட் சுண்ணாம்பு மூட்டை வாங்கி இறைக்க வேண்டியிருக்கிறது. கொடைக்கானல் மலையில் வருஷத்துக்கு 1,600 மில்லிமீட்டரை ஒட்டி மழை பெய்கிறது. அவ்வளவு தண்ணீரும் மண்ணுக்குள் இறங்கி ஓடைக்குப் போகும்போது, மண்ணில் இருக்கிற சுண்ணாம்புச் சத்தையும் கரைத்து எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. அதனால்தான் இங்கே சுண்ணாம்பைக் காசு கொடுத்து வாங்குகிறோம்.

நீ வாங்கிய இடத்தில் கதையே வேறு. தென்மேற்குப் பருவமழையை மலை இந்தப் பக்கமே பிடித்துக்கொள்கிறது. அங்கே வருஷம் முழுக்கக் கூட்டினாலும் 600 மில்லிமீட்டர் சுற்றுவட்டத்தில்தான். அந்த மழை ஓடைவரைக்கும் போவதில்லை. ஒரு முழம், ஒன்றரை முழம் இறங்கும், அதோடு சரி. வேர் குடித்தது போக, வெயில் இழுத்தது போக ஒன்றும் மிஞ்சாது. தண்ணீர் போய்விடும், அது கரைத்துக் கொண்டுவந்த சுண்ணாம்பு மட்டும் நின்ற இடத்திலேயே படிந்துவிடும்.

முதலில் மண்ணுக்குள் வெள்ளை நூல் நூலாகத் தெரியும். அப்புறம் உருண்டை உருண்டையாகச் சுக்கான் கல். அந்தக் கற்கள் ஒன்றோடொன்று ஒட்டி மண்ணின் துவாரங்கள் அடைபட்டபின், மழைத்தண்ணீர் அதன்மேல் தேங்கி மெல்லிய ஏடு ஏடாகச் சுண்ணாம்பைப் படிய வைக்கும். கடைசியில் கடப்பாரை போட்டால் ‘ணங்’ என்று சத்தம் வருகிற பாறையாகிவிடும். இதற்கு ஆயிரக்கணக்கான வருஷம் ஆகியிருக்கும். மேல்மண் அரித்துப்போன இடத்தில் பாறை இன்னும் மேலே வந்து தெரியும். அரிக்காத இடத்தில், பாறை எந்த ஆழத்தில் இருக்கிறதோ அதுதான் அந்த ஊர் மழை இறங்கும் ஆழம் என்று வைத்துக்கொள். பாறையை உடைத்துவிடலாம், மழையைக் கூட்ட முடியுமா?

இந்தக் கணக்கைத் தென்னைக்குப் போட்டுப் பார். ஏக்கருக்கு 70 மரம். காய்க்கிற மரத்துக்கு வெயில் காலத்தில் நாளைக்கு 60 லிட்டர் என்று குறைவாகவே வைத்தாலும் 4,200 லிட்டர் ஆகிறது. ஒரு ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் கிடைப்பதே சுமார் 4,000 லிட்டர். அதாவது சித்திரை, வைகாசியில் ஒவ்வொரு நாளும் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிற மாதிரி போர்வெல்லிலிருந்து எடுத்துத் தர வேண்டும். அந்தப் பக்கத்தில் வறட்சி வருஷத்தில் போர் என்ன ஆகும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. பாறையை உடைத்துக் கிளறினால் அடியில் கிடக்கிற சுண்ணாம்பெல்லாம் மேல்மண்ணில் கலந்துவிடும். சுண்ணாம்பு ஏறிய மண்ணில் கார அமில நிலை எட்டை ஒட்டியே நிற்கும். அங்கே இரும்பும் துத்தநாகமும் மண்ணில் இருந்தாலும் வேருக்குக் கிடைக்காது. மணிச்சத்து (பாஸ்பரஸ்) உரம் போட்டால் அதையும் சுண்ணாம்பு பிடித்துக்கொள்ளும். இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். நிலக்கடலையிலும் சோளத்திலும் நீயே பார்த்திருப்பாய். அன்னபேதி என்கிற இரும்பு உப்பைக் கரைத்துத் தெளித்தால் கொஞ்ச நாள் பச்சை கட்டும், புதுத் துளிர் மறுபடி மஞ்சளாக வரும். பிடித்துப்போய் வாங்கிய நிலத்தை வருஷா வருஷம் வைத்தியம் பார்க்கிற நிலமாக ஏன் ஆக்க வேண்டும்?

இப்போது அந்த மண்ணின் நல்ல குணத்தைச் சொல்கிறேன், அதைச் சொல்லத்தான் எனக்கு ஆசை. மேலே இருப்பது மணலும் களியும் அளவாகக் கலந்த மண். மழை பெய்தால் சட்டென்று உள்ளே வாங்கும், சேறாக அப்பாது. அதில் ஓர் அடி ஆழம் இருந்தால், வேருக்குக் கிடைக்கும்படி சுமார் 50 மில்லிமீட்டர் தண்ணீரைப் பிடித்து வைக்கும். ஒரு நல்ல மழைக்கு அது போதும். கொழுக்கட்டைப் புல்லுக்கு இது அமிர்தம். மழை விழுந்த சில நாளில் துளிர்த்து, அந்த ஓர் அடிக்குள் இருக்கிற ஈரத்தையெல்லாம் சல்லிவேரால் உறிஞ்சி வளர்ந்துவிடும். ஈரம் தீர்ந்ததும் காய்ந்து, அடித்தூரில் உயிரை வைத்துக்கொண்டு அடுத்த மழைக்காகக் காத்திருக்கும். சுண்ணாம்பு மண் அதற்குப் பிடிக்கும், புளித்த மண்தான் ஆகாது. நம்ம மன்னவனூரில் கொண்டுவந்து விதைத்தால் இந்த மண்ணுக்கும் குளிருக்கும் தேறாது. இதே புல்லை 1940களுக்குப் பிறகு அமெரிக்காவின் டெக்சஸில் மேய்ச்சலுக்கென்றே பெருமளவில் விதைத்தார்கள். அந்த மாநிலத்தின் மேற்கிலும் இப்படிச் சுண்ணாம்பு இறுகிய பாறைமேல் ஆழம் குறைந்த மண்தான் பல இடத்தில் கிடக்கிறது. அங்கேயும் பெரும்பாலும் மாடும் ஆடும் மேய்கிற புல்வெளியாகத்தான் வைத்திருக்கிறார்கள்.

காங்கேயம், தாராபுரம், மூலனூர்ப் பக்கத்தில் கொரங்காடு என்று சொல்கிற மேய்ச்சல் நிலம் இந்த மண்ணை அறிந்தவர்கள் உண்டாக்கியதுதான். சுற்றிலும் முள்கிளுவை உயிர்வேலி, தரையில் கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல் மரம். மழைக்காலத்தில் புல், புல் தீர்ந்த கோடையில் வெள்வேலங்காய் என்று ஆட்டுக்கு வருஷம் முழுக்க ஏதாவது கிடைக்கும். காங்கேயம் காளைக்கு அந்த எலும்பு உறுதி சுண்ணாம்பு மண்ணில் மேய்ந்ததால் வந்தது என்று அங்கே பெரியவர்கள் சொல்வார்கள். சுண்ணாம்பு அங்கே தாராளம்தான், ஆனால் மணிச்சத்து குறைவு. அதனால் மேச்சேரி ஆடு வாங்கினால் பட்டியில் தாது உப்புக் கட்டி தொங்கவிட மறக்காதே.

நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. இங்கே ஆட்டுப் பண்ணையில் வேலை பார்த்த காலமெல்லாம் புல்வெளியைப் பார்த்துக்கொண்டே இருந்தவன் நான். இந்த மலையின் புல்வெளிகளை வெறும் தரிசு என்று நினைத்து சீகை, பைன், தைலமரம் வைத்தார்கள். அப்புறம் சீகை தானாகவே பரவியது. 1973க்கும் 2014க்கும் இடையில் பழனி மலையின் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்று செயற்கைக்கோள் படங்களை வைத்துக் கணக்கிட்டிருக்கிறார்கள். மரம் வைப்பது எப்போதும் புண்ணியம் என்று நாம் பழகிவிட்டோம். புல் நிற்கிற இடத்தைப் பார்த்தாலே சும்மா கிடக்கிறது என்று கண்ணுக்குப் படுகிறது. சும்மா கிடக்கவில்லை, கண்ணு. அந்த ஓர் அடி மண்ணைக் காற்றும் மழையும் கொண்டுபோகாமல் பிடித்து வைத்திருப்பது அந்தப் புல்தான். அது போனால் மிஞ்சுவது பாறை. அங்கே மறுபடி மண் சேர்வதை உன் பேரப்பிள்ளைகள்கூடப் பார்க்கப் போவதில்லை.

சரி, என்ன செய்யலாம் என்பதற்கு வருகிறேன். முதலில் கடப்பாரையை எடுத்துக்கொண்டு நிலம் முழுக்க நடந்து, பத்துப் பதினைந்து இடத்தில் குத்திப் பாருங்கள். பாறை எல்லா இடத்திலும் ஒரே ஆழத்தில் இருக்காது. ஓரிடத்தில் ஒரு சாண், இன்னோரிடத்தில் முழங்கால் ஆழம் இருக்கும். காகிதத்தில் படம் போட்டு ஒவ்வொரு இடத்திலும் ஆழத்தைக் குறித்து வை. இரண்டடிக்கு மேல் மண் இருக்கிற பகுதியில் தீவனச் சோளமும் கொள்ளும் மானாவாரியாக விதைக்கலாம். ஒரு சாண் மண் இருக்கிற இடத்தில் ஏரே கட்டாதே. தோண்டி எடுத்த மண்ணில் கொஞ்சம் வினிகர் விட்டுப் பார், நுரைத்தால் சுண்ணாம்பு மேல்வரைக்கும் இருக்கிறது என்று அர்த்தம். மண் பரிசோதனைக்கும் ஒரு மாதிரி கொடுத்துவிடு. முடிவு அட்டையில் சுண்ணாம்பு நிலை என்று ஒரு வரி இருக்கும், அதை எனக்கு வாசித்துச் சொல்.

மேய்ச்சலை நாலு பாகமாகப் பிரித்து மாற்றி மாற்றி விடு. புல்லை நாலு விரல் உயரத்துக்குக் கீழே கடிக்க விடாதே. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு பாகத்தை மூடி வைத்து, விதை முற்றி உதிர்ந்த பிறகு திற. ஒவ்வொரு வருஷமும் வேறு பாகம்.

வீடு கட்டுவதாக இருந்தால் பாறை மேலே இருக்கிற இடமாகப் பார்த்துக் கட்டு, கடைகாலுக்கு உறுதியான தரை. கழிவறைக்கு உறிஞ்சுகுழி மட்டும் அங்கே வேண்டாம், தண்ணீர் இறங்காமல் மேலே பொங்கும். அதை மண் ஆழமான பக்கமாக, கிணற்றிலிருந்து தள்ளிப் போட வேண்டும். ரோடு போட என்று சொல்லிச் சுக்கான் கேட்டு யாராவது லாரியோடு வந்தால் கொடுக்காதே. கல்லை எடுக்கிற சாக்கில் மேல்மண்ணும் போய்விடும்.

மாப்பிள்ளைக்கு மரம் வைக்க ஆசை இருப்பது நல்லதுதான். ஜேசிபிக்காரருக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டது என்றால் அதை வீணாக்க வேண்டாம். அன்றைக்கு வேலி ஓரமாக மரக்குழி மட்டும் எடுக்கச் சொல். குழி இருக்கிற அளவுக்குப் பாறையைக் குத்தித் துளைத்து, அடியில் இளகின மண் தட்டுப்படும்வரைக்கும் போகட்டும். வெட்டின சுண்ணாம்புக் கல்லைத் தனியாகக் குவித்துவிட்டு, மேல்மண்ணும் ஆட்டெருவும் போட்டு மூடுங்கள். வேம்பு, வெள்வேல், இலந்தை மூன்றும் அங்கே தேறும். ஆட்டுக்கு நிழலும் ஆகும். வெள்வேல் விதையை வெளியே தேடாதே, பக்கத்துக் கொரங்காட்டுக்காரர்களிடம் கேட்டாலே கொடுப்பார்கள்.

அன்புடன்,
அப்பா