கில் ஸ்விட்ச் ஒண்ணு மட்டும் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எண்ணெய்க் கசிவைத் தின்னு தீர்க்குற மரபணு மாத்துன பாக்டீரியா பத்தி உங்க பேப்பர்ல வந்த கட்டுரை படிச்சேன். கில் ஸ்விட்ச் இருக்கு, வேலை முடிஞ்சதும் அதுவே செத்துடும்னு ஒரே வரியில முடிச்சிட்டீங்க, எனக்கு இடிக்கிறதே அந்த வரிதான்.

விஞ்ஞானி ஆனந்த சக்ரவர்த்தி உருவாக்குன எண்ணெய் தின்னுற பாக்டீரியாவுக்குப் பேட்டன்ட் குடுக்கலாம்னு 1980ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட் சொன்னது நிஜம். ஆனா அதைக் கடல்ல விட்டதே இல்ல, நம்ம ஆளுங்க என்னமோ அது கடலையே கழுவி விட்ட மாதிரி பேசுறாங்க!

கில் ஸ்விட்ச்னா, பாக்டீரியாவுக்குள்ளயே ஒரு விஷ ஜீனை வச்சு, எண்ணெய் இருக்குற வரைக்கும் அதை அடக்கி வைக்கிறது, எண்ணெய் தீர்ந்தா விஷம் சுரந்து செத்துடும். சரி, அந்த ஜீனே மியூட்டேஷன்ல கெட்டுப்போன செல் சாகாதே, மத்ததெல்லாம் செத்த இடத்துல அதுதானே பெருகும். பத்து கோடியில ஒண்ணுக்கு மேல தப்பக்கூடாதுங்கிறது அமெரிக்க அரசோட மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான என்ஐஎச் வச்சிருக்குற அளவு. நல்லா வளத்த கல்ச்சர்ல ஒரு மில்லியிலயே 100 கோடி செல் இருக்கும், ஒரு லிட்டர்னா லட்சம் கோடி, அந்த அளவுப்படியே பாத்தாலும் தப்புறது 10,000. டேங்கர் லாரியில கொண்டுபோய் தெளிச்சா எவ்ளோன்னு நீங்களே போட்டுக்கோங்க. செத்த செல்லோட டிஎன்ஏவையும் பக்கத்துல இருக்குற வேற பாக்டீரியா எடுத்துக்க வாய்ப்பு இருக்கு, செல்லை மட்டும் கொல்லுற ஸ்விட்ச் அதைத் தடுக்காது.

2015ல ஹார்வர்ட், யேல் ரெண்டு டீமும் இயற்கையில கிடைக்காத அமினோ அமிலம் குடுத்தாதான் உயிர் வாழுற ஈ.கோலை பாக்டீரியாவை உருவாக்குனாங்க, வெளிய தப்பிச்சாலும் பட்டினிதான். எனக்கு இதுமேல நம்பிக்கை அதிகம். இதோட கில் ஸ்விட்ச்சும் சேந்து இருந்தா ஒண்ணு கெட்டாலும் இன்னொண்ணு பிடிக்கும்.

கண்காணிக்கிறதுக்கும் முன்மாதிரி இருக்கு. 1996ல அமெரிக்காவுல ஓக் ரிட்ஜ் ஆய்வுக்கூடத்துல, நாப்தலீன்ங்கிற மாசு ரசாயனத்தைத் தின்னும்போது ஒளி விடுற பாக்டீரியாவைத் திறந்த நிலத்துல விடாம, மண் நிரப்புன பெரிய தொட்டிகளுக்குள்ள விட்டு அந்த வெளிச்சத்தை வச்சே அளந்தாங்க.

நம்ம நாட்டுல மரபணு மாத்துன உயிர்களுக்குன்னு 1989 விதிகள் இருக்கு, ஜிஇஏசிங்கிற மத்திய அரசுக் குழுவோட அனுமதி இல்லாம இதையெல்லாம் வெளிய விட முடியாது. அனுமதி கேக்குற கம்பெனி, லேப் குடுவையில இல்லாம நிஜ மண்ணுல எத்தனை செல் தப்புச்சு, விட்டப்புறம் எத்தனை வருஷம் யாரு செலவுல டெஸ்ட் எடுப்பாங்க, இந்த ரெண்டையும் அனுமதிக்கு முன்னாடியே தமிழ்லயும் வெளியிடணும்.

இப்படிக்கு,
வாசகர், திருச்சி