அலையைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்

கலங்கரை விளக்க மாதிரிகளைச் செய்து விற்பவர்களுக்கு,

வணக்கம். உங்களில் ஒருவர் செய்த கேப் ஹாட்டரஸ் கலங்கரை விளக்கம் என் மேசைமேல் நிற்கிறது. ஒன்பது அங்குல உயரம், அடியில் வரிசை எண் ஒட்டியிருக்கிறது. குறை சொல்லத்தான் எழுதுகிறேன். ஆனாலும் கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டைகள் சுற்றிச் சுற்றி மேலேறுவதை நன்றாகவே தீட்டியிருக்கிறீர்கள். பின்பக்கம் ஓரிடத்தில் மட்டும் கறுப்பு வெள்ளைக்குள் கசிந்திருக்கிறது. கையால் தீட்டியது என்பதற்கு அது சாட்சி, போகட்டும்.

என் வழக்கு அந்தப் பீடத்தின்மேல்தான். கோபுரத்தின் காலடியில் நீல அலைகள், நுனியில் வெள்ளை நுரை. ஒரு அலை படிக்கட்டையே நனைக்கிறது.

அமெரிக்காவின் வட கரோலினாவில் இருக்கும் அசல் கோபுரம் சுமார் 198 அடி. அப்படியானால் உங்கள் மாதிரியில் ஒரு அங்குலம் என்பது 22 அடி. 1870 டிசம்பரில் விளக்கு ஏற்றியபோது கடல் 1,500 அடி தள்ளி இருந்தது. என் மேசைக் கணக்கில் அது ஏறக்குறைய ஐந்தே முக்கால் அடி, அதாவது அலை மேசையைவிட்டு இறங்கிச் சுவரோரம் நிற்க வேண்டும். கரை அரித்துக்கொண்டே வந்து, 1970 வாக்கில் 120 அடிதான் மிச்சம். மேசையில் ஐந்தரை அங்குலம்.

இந்த ஐந்தரை அங்குலத்தில்தான் முழுக் கதையும் இருக்கிறது. பெட்டிக்குள் நீங்கள் வைத்த அட்டையில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

கட்டியவர்கள் அங்கே தோண்டியபோது ஆழத்தில் பாறை கிடைக்கவில்லை, சீக்கிரமே தண்ணீர்தான் வந்தது. அதனால் பைன் மர உத்திரங்களைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, அதன்மேல் கருங்கல் வைத்து, அதன்மேல் செங்கல் கோபுரத்தை எழுப்பினார்கள். நன்னீரில் மூழ்கிக் கிடக்கும்வரை அந்த மரம் கெடாது. உப்பு நீர் உள்ளே வந்தாலோ, அலை மணலை அரித்துக்கொண்டு போனாலோ பிடிமானம் போய்விடும். அலை கோபுரத்தை இடித்துத் தள்ள வேண்டிய அவசியமே இல்லை, பக்கத்தில் வந்தாலே போதும்.

அதனால் 1999-இல் கோபுரத்தையே பெயர்த்து நகர்த்தினார்கள். சுமார் 4,800 டன். அடியில் அறுத்து, ஹைட்ராலிக் ஜாக்கிகளால் தூக்கி, இரும்புத் தண்டவாளத்தில் ஐந்தைந்து அடியாகத் தள்ளினார்கள். ஜூன் 17 முதல் ஜூலை 9 வரை 23 நாளில் 2,900 அடி! என் கணக்கில் பதினோரு அடி. அளந்து பார்த்தேன், கோபுரம் அறைவாசலைத் தாண்டிப் போய்விடுகிறது. புதிய இடத்திலிருந்து கடல் அப்போது 1,600 அடி. அதாவது 1870-இல் இருந்த அதே இடைவெளியை ஏறக்குறைய மீட்டிருக்கிறார்கள். அந்த இடைவெளியைத்தான் நீங்கள் நீல வண்ணம் பூசி மூடிவிட்டீர்கள்.

அட்டையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஹாட்டரஸுக்கும், அதே கடலோரத்தில் கட்டம் போட்டு நிற்கும் கேப் லுக்அவுட் கலங்கரை விளக்கத்துக்கும் வண்ணம் மாறிப்போனது என்று அச்சடித்திருக்கிறீர்கள். 'டைமண்ட்' மணல்திட்டுகளுக்கு எதிரே நிற்கும் கோபுரத்துக்குத்தானே டைமண்ட் கட்டம் வந்திருக்க வேண்டும் என்பது வாதம். கேட்க ருசியாகத்தான் இருக்கிறது. ஆனால் 1873-இல் வந்த அறிவிப்பிலேயே ஹாட்டரஸுக்குச் சுருள் பட்டை, பாடி தீவுக் கோபுரத்துக்குக் கிடைப் பட்டை, லுக்அவுட்டுக்குக் கட்டம் என்று பிரித்துச் சொல்லியிருக்கிறது. பகலில் வரும் மாலுமி எந்தக் கோபுரம் என்று குழம்பக் கூடாதே, அதற்குத்தான். அந்தக் கடலோரத்துக்கு 'அட்லாண்டிக்கின் இடுகாடு' என்றே பெயர். மானிட்டர் என்ற இரும்புக் கவசக் கப்பல் 1862-இன் கடைசி நாளில் மூழ்கியதும் அங்கேதான். அங்கே குழம்பினால் என்ன ஆகும்?

சரி, என்னதான் வேண்டும் என்று கேட்பீர்கள். அலை இல்லாத ஒரு பீடம். மணலும் புல்லும் போதும். அலை இருந்தால்தான் விற்கும் என்றால், அடியில் '1999-க்கு முன்' என்றாவது எழுதுங்கள். அதுவும் அலையைக் கொஞ்சம் தள்ளி வைத்து. பழைய அஸ்திவாரக் கற்களில் விளக்குக் காவலர்களின் பெயர்களைப் பொறித்து வைத்திருக்கிறார்கள். அவற்றில் ஒன்றைக் கடுகளவில் செய்து பக்கத்தில் வைத்தால் உங்களுக்கு என்ன பெரிய செலவு?

அப்புறம் ஒரு ஆசை. தண்டவாளத்தின்மேல், ஜாக்கிகளோடு, பாதி வழியில் நிற்கும் கோபுரத்தை ஒரு தடவை செய்து பாருங்கள். முதல் எண் எனக்கு.

அதுவரை உங்கள் அலைகளின்மேல் ஒரு துண்டு உப்புத்தாளை வெட்டி ஒட்டி வைத்திருக்கிறேன். தூரத்திலிருந்து பார்த்தால் மணல் மாதிரியே இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்